பினாங்கு தண்ணீர்மலை அருவியின் பழைய குடிநீர்த் தொட்டியைப் பக்கத்தில் பார்த்தவர்கள் உண்டா?

ஜெலுத்தோங் பொண்ணு:
போன மாதம் அனுமதி வாங்கி ஒரு குழுவாகப் போனோம். பொட்டானிக்கல் கார்டனுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கேட்டைத் தாண்டி அருவி வரை போனது இதுதான் முதல் முறை. 1892இல் கட்டிய தொட்டி, அருவியின் காலடியிலேயே இருக்கிறது. பாசி படிந்த சுவரில் கை வைத்தேன். தண்ணீர் விழுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. கையை எடுக்க மனமே வரவில்லை. வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

எர்ஸ்கின் மேடு:
பழையது என்றால் எங்கள் மேட்டில் இருக்கிற கில்லமார்ட் குடிநீர்த் தொட்டிதான். பள்ளி விட்டதும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். ஒரு நாள் காவல்காரத் தாத்தா எங்களைக் கூப்பிட்டு, "டவுன்ல குடிக்கிற தண்ணி இங்கதான் தூங்குது, கல்லு எறியாதீங்க" என்றார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் நாங்கள் சத்தமாகக்கூடப் பேசியதில்லை.

கொடிமலை:
எர்ஸ்கின் மேடு அண்ணே, கில்லமார்ட் கட்டியது 1929இல். அந்தப் பேருக்குரிய கவர்னர் 1927லேயே பதவி முடிந்து போய்விட்டார். அருவித் தொட்டி அதற்கு 37 வருஷம் மூத்தது. அருவித் தொட்டியைக் கட்டியவர் என்ஜினியர் மெக்ரிச்சி. சிங்கப்பூரில் அவர் பேரில் ஒரு நீர்த்தேக்கமே இருக்கிறது, இங்கே அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கும் முன்னால், 1800களின் தொடக்கத்திலேயே, செங்கல் வாய்க்கால் கட்டி மலைத் தண்ணீரை டவுனுக்குக் கொண்டுவந்தார்கள். 1877இல் இரும்புக் குழாய் வந்தது.

என் கதை சின்னது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த வருஷம், தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் மூச்சு வாங்க நின்றேன். பாட்டி சொன்னார்: "முருகன் முதல்ல அருவிப் பக்கம்தான் இருந்தார். குடிதண்ணி அழுக்காகும்னு வெள்ளைக்காரன் இடம் மாத்திட்டான்." குடத்தோடு அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்தேன். காடுதான் தெரிந்தது.

பாயான் லெப்பாஸ் அப்பா:
2024 ஜனவரியில் நாலு நாள் தண்ணீர் இல்லை. தலையில் சோப்பு நுரையோடு குழாயைத் திருகிக்கொண்டு நின்ற என் மகளின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பழைய தொட்டிகளைப் பற்றிப் பேசுவது சரி. ஆனால் இன்று பினாங்குத் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. 1962இல் கட்டிய ஆயர் ஈத்தாம் டேமும் மழை குறைந்தால் இறங்கிவிடும். அதனால் எல்லாரும் வீட்டில் இரண்டு டிரம்மாவது வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வரும். வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். குடிக்க வைப்பதைத் தனியாக வையுங்கள். தண்ணீர் திரும்பி வந்ததும் முதலில் வருகிற கலங்கலைச் சமையலுக்குப் பிடிக்காதீர்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள்.

டத்தோ கிராமட் அக்கா:
அப்பா அருவித் தொட்டியில் வேலை செய்தவர். பெரிய மழை என்றால் நடுராத்திரியிலும் கிளம்பிவிடுவார், கம்பி வலையில் அடைத்த இலைகளை வாரிப் போட. விடியற்காலையில் நனைந்த சட்டையோடு வந்து, முதல் வேலையாக வீட்டுக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால்தான் படுக்கப் போவார். ஒரு நாளும் அவர்கூடப் போய்ப் பார்க்கக் கேட்டதில்லை. ஜெலுத்தோங் பொண்ணு, அந்தக் கம்பி வலை இன்னும் இருக்கிறதாம்மா? போட்டோ எடுத்திருந்தால் போடு.