1933 கவுடி செட்: 106ஆம் எண் லாஜவே உள்ளேயா, வெளியேயா?

மணிமாறன்:
பழைய பேஸ்பால் கார்டு சேர்ப்பவர்கள் நடுவே இன்னும் தீராத வழக்கு இது. புதியவர்களுக்காக விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டனில் இருந்த கவுடி கம் கம்பெனி 1933இல் சூயிங்கத்தோடு கார்டு வைத்து விற்றது. எண்கள் 1 முதல் 240 வரை. பேப் ரூத்துக்கு மட்டுமே நாலு கார்டு: 53, 144, 149, 181. ஆனால் அந்த வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியிருந்தாலும் 239க்கு மேல் யாருக்கும் தேறியிருக்காது. 106ஆம் எண் அச்சாகவே இல்லை. காத்திருந்து ஏமாந்தவர்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த வருஷம் நாப் லாஜவே என்ற ஆட்டக்காரரின் படத்தோடு 106ஐ அச்சடித்து, கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியது கவுடி.

என் கருத்து இதுதான். கிரேடு (தர மதிப்பெண்) வாங்கிய கார்டுகளின் செட் ரெஜிஸ்ட்ரியில், அதாவது சேர்ப்பவர்களின் செட்டுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பட்டியலில், 1933 கவுடி என்றால் 239 கார்டைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். அந்த வருஷம் கம் பாக்கெட்டில் வந்தது எதுவோ அதுதான் செட். லாஜவேயைச் சேர்த்தால், இருபது முப்பது வருஷம் பொறுமையாகச் சேர்த்தவரும் 'முடியாத செட்' என்ற பெயரோடு நிற்க வேண்டியதுதான். அடிமட்ட கிரேடில் இருக்கும் லாஜவேக்கே பல்லாயிரம் டாலர் ஆகிறது.

பாஸ்டன் தமிழன்:
மணிமாறன் சார், விலையை வைத்து ஒரு கார்டு செட்டில் சேருமா சேராதா என்று முடிவு செய்யக் கூடாது. கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 106 என்று போட்டிருக்கிறது. 105 ஒருவர் கையில் இருக்கிறது, 107 இருக்கிறது, நடுவில் ஓட்டை. ஓட்டை விட்டதும் கம்பெனி, அதை அடைத்ததும் கம்பெனி.

இன்னொன்று. 1934 கவுடி செட் மொத்தமே 96 கார்டு. 1933இலிருந்து லாஜவேயை வெளியே தள்ளினால் எங்கே வைப்பீர்கள்? 96க்குப் பிறகு ஒரே தாவாகத் தாவி 106 வருவதாக ஒரு 1934 செட்டை யாராவது ஒத்துக்கொள்வார்களா? அப்படியென்றால் எந்த செட்டிலும் இடமில்லாத கார்டாகிவிடும் அது. பேஸ்பால் கார்டு வரலாற்றிலேயே இவ்வளவு பேர் தேடிய கார்டுகள் சிலதான், அதற்கு வீடே இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மணிமாறன்:
எண்ணைப் பார்க்கச் சொல்கிறீர்கள், நான் கார்டுகளை வெட்டுமுன் ஒன்றாக அச்சடித்த ஷீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். 1933 கவுடி ஒரு ஷீட்டுக்கு 24 கார்டு வீதம் பத்து ஷீட். 240 இடம். அதில் ரூத்தின் 144 ஒரே ஷீட்டில் இரண்டு முறை வருகிறது. ஆக வேறு வேறு கார்டு 239. லாஜவேக்கு இடம் இருந்தும் அதில் இன்னொரு ரூத்தைப் போட்டிருக்கிறார்கள். மறந்துபோய் விட்டதாகத் தெரியவில்லை, பிள்ளைகள் தேடித் தேடி வாங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

லாஜவே எங்கே அச்சானார்? 1934 செட்டின் கடைசி ஷீட்டில், 24 கார்டோடு இருபத்தைந்தாவதாக. வெட்டாத ஷீட்டே இதற்குச் சாட்சி. அதே தாள், அதே மை, அதே மெஷின், அதே வருஷம். கல்யாணத்துக்கு வராமல் அடுத்த வருஷம் மொய் அனுப்பியவரைக் கல்யாண போட்டோவில் தேட முடியாது.

கயல்:
இரண்டு பேரும் ஒரே கார்டைச் சுற்றியே வருகிறீர்கள். ரெஜிஸ்ட்ரிக்கு வேண்டியது எல்லா செட்டுக்கும் பொருந்தும் ஒரு விதி. டி206ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த அந்த செட் 524 கார்டு என்பது பழக்கத்தில் வந்த கணக்கு. ஆனால் பலர் 520இல் நிறுத்திக்கொள்கிறார்கள். விடுபடும் நாலு: வாக்னர், பிளாங்க், மேகி, டாயில்.

இந்த நாலும் ஒரே ரகம் இல்லை. 'Magee' என்று வர வேண்டியது 'Magie' என்று அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது. டாயில் அமெரிக்கன் லீக் ஆட்டக்காரர், அவர் கார்டில் நேஷனல் லீக் என்று தவறாக விழுந்து, பிறகு நீக்கப்பட்டது. இவை இரண்டும் பிழைக் கார்டுகள், சரியான கார்டு வேறாக இருக்கிறது. வாக்னருக்கும் பிளாங்குக்கும் அப்படி மாற்று கிடையாது, அவர்களுக்கு அந்த ஒரே கார்டுதான்.

அதனால் நான் வைக்கும் கோடு இது: ஏற்கெனவே இருக்கும் கார்டின் பிழை, நிற மாற்றம், எழுத்து மாற்றம் எல்லாம், மாறி வந்த கார்டுகளையும் சேர்த்து எண்ணும் மாஸ்டர் செட்டுக்குப் போகட்டும். டாப்ஸ் கம்பெனியின் 1952 செட்டில் ஜோ பேஜ் 48, ஜானி செயின் 49 இரண்டிலும் பின்பக்கக் குறிப்பு இடம் மாறி வந்ததே, அது மாஸ்டர் செட். 1969 டாப்ஸில் மேண்டிலின் 500ஆம் கார்டில் பெயர் வெள்ளை எழுத்தில் வந்ததும் அப்படியே. மாற்று இல்லாத தனிக் கார்டு அடிப்படை செட்டில் இருக்க வேண்டும். இந்தக் கோட்டின்படி லாஜவே உள்ளே.

மணிமாறன்:
கயல், பாதி சரி. பிழைக் கார்டு மாஸ்டர் செட்டுக்கு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் வாக்னரோடு லாஜவேயை ஒரே வரிசையில் வைக்காதீர்கள். வாக்னர் குறைவாக வந்தார், ஆனால் சிகரெட் பாக்கெட்டில் வந்தார். காசு கொடுத்து வாங்கிய ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து அவரை வெளியே எடுத்திருக்கிறார். லாஜவேயை அப்படி எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. கடிதத்தோடு பேப்பர் கிளிப் மாட்டி வந்த கார்டு அது. அந்தக் கிளிப்பின் தடம் இன்றும் பல கார்டில் தெரிகிறது.

பாஸ்டன் தமிழன்:
கிளிப் தடம் எனக்கு எதிர்ப்பக்கமாகத்தான் பேசுகிறது. செட்டை முடிக்க முடியவில்லை என்று எழுதியவனுக்குக் கம்பெனி அனுப்பிய பதில் அது. '1933 செட்டில் உனக்குக் குறைவது இதோ' என்று தயாரித்தவனே கையில் கொடுத்திருக்கிறான். அதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

தபாலில் வந்தால் செட்டில் சேராது என்றால் இன்றைய ரிடெம்ப்ஷன் கார்டை என்ன செய்வீர்கள்? பாக்கெட்டில் ஒரு சீட்டுதான் வருகிறது. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு கார்டு வீட்டுக்கு வருகிறது, சில நேரம் அடுத்த வருஷம். அதை யாரும் அந்த செட்டிலிருந்து விலக்குவதில்லையே.

மணிமாறன்:
அங்கே சீட்டாவது பாக்கெட்டில் இருக்கிறது. வாங்கும்போதே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். 1933இல் அப்படி எந்த வாக்கும் பாக்கெட்டில் இல்லை.

எண்தான் முடிவு என்றால் 1981 டாப்ஸுக்கு வாருங்கள். அடிப்படை செட் 726 கார்டு. பிறகு அணி மாறியவர்களுக்காக வந்த டிரேடட் செட் 727இல் தொடங்கி 858 வரை, எண் விடாமல் தொடர்கிறது. ஆனால் அது தனி செட்தான், ஒருவரும் 1981 டாப்ஸை 858 என்று எண்ணுவதில்லை. ஏன்? வந்த வழி வேறு, வந்த நேரம் வேறு.

பழையபேப்பர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கார்டுகளுக்குக் கிரேடு போடும் பி.எஸ்.ஏ. கம்பெனியின் ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் முக்கியத்துவத்தைப் பொறுத்து 1 முதல் 10 வரை எடை உண்டு. கிரேடை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்கிறார்கள். இல்லாத கார்டுக்குப் பூஜ்யம்.

பேச்சுக்கு மொத்த எடை 500, லாஜவேக்கு 10 என்று வைப்போம். ஒருவரிடம் 239 கார்டும் 6ஆம் கிரேடு, லாஜவே இல்லை. அவருக்கு 490 பெருக்கல் 6, வகுத்தல் 500, அதாவது 5.88. இன்னொருவரிடம் 239 கார்டும் 5ஆம் கிரேடு, லாஜவே 4ஆம் கிரேடு. அவருக்கு 4.98. லாஜவே இல்லாதவர்தான் மேலே இருக்கிறார். ஆகவே பணக்காரர் ஒரே கார்டை வாங்கி எல்லாரையும் தாண்டிவிடுவார் என்ற பயம் வேண்டாம்.

மணிமாறன்:
கணக்கு சரி சார். நான் கவலைப்படுவது வரிசை எண்ணைப் பற்றி இல்லை. 240இல் 239 இருந்தால் வரும் அந்த 99.58 சதவீதத்தைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஓரம் மங்கிய கார்டாகப் பார்த்துப் பார்த்து 239ஐயும் சேர்த்தார். முதல் கார்டான பென்னி பெங்காஃபை நல்ல நிலையில் தேடியே பல வருஷம் போயிற்று. கட்டின் மேலேயே இருந்து ரப்பர் பேண்டிலும் கைபட்டும் தேய்ந்த கார்டு அது. 1933இல் விற்ற எல்லாமே அவரிடம் இருக்கிறது. அவரைப் பார்த்து 'இன்னும் முடியவில்லை' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாஸ்டன் தமிழன்:
அவர் சேர்த்ததை நான் குறைத்துப் பேசவே மாட்டேன் சார், அது பெரிய சாதனை. ஆனால் 1933இல் கடிதம் எழுதிய பையனிடமும் 239 இருந்தது. முடியவில்லை என்று தெரிந்துதான் எழுதினான். செட் எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று வசதிக்காக நாம் அதைச் சுருக்குவது அவனுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அப்புறம், உங்கள் டிரேடட் உதாரணம். 727 எந்த ஓட்டையையும் அடைக்கவில்லை, 726க்கு மேலே வளர்ந்தது. 106 அடைத்தது. வித்தியாசம் அங்கேதான்.

கயல்:
ஓட்டை என்ற அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது, விதியில் எழுத முடிகிற மாதிரி இருக்கிறது: 'தயாரித்தவரே விட்ட எண்ணை, தயாரித்தவரே பிறகு நிரப்பினால் அது அதே செட்.' மணிமாறன் அண்ணா, இதை உடைக்கும் ஒரு செட்டைக் காட்டுங்கள், நான் கட்சி மாறுகிறேன்.

மணிமாறன்:
தேடிப் பார்க்கிறேன். அதுவரைக்கும் என் ஓட்டு 239க்குத்தான். 240 என்றே முடிவானாலும் லாஜவே பெயருக்குப் பக்கத்தில் '1934இல் அச்சானது, பாக்கெட்டில் வரவில்லை' என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கும் ஒருவர் அது தெரியாமல் பணத்தை இறக்கக் கூடாது.

பாஸ்டன் தமிழன்:
அந்த வரிக்கு என் ஓட்டும் உண்டு.