பங்குத்தந்தை வேறு சபைக்குச் சென்றுவிட்டால், அவர் மீதான புகாருக்கு யார் பொறுப்பு?

வினா – முன்னாள் பங்குப் பேரவை உறுப்பினர்

எங்கள் கத்தோலிக்கப் பங்கை (கோயிலையும் அதன் மக்களையும்) ஒரு துறவற சபையின் குருக்கள் பல ஆண்டுகளாக நடத்தி வந்தார்கள். இறுதியாக இருந்த பங்குத்தந்தை, ஆலோசனை நாடி வந்த பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்றும், கட்டடத்துக்கென்று பெற்ற காணிக்கைக்குக் கணக்குக் காட்டவில்லை என்றும் நாங்கள் சிலர் சேர்ந்து சபையின் மாநிலத் தலைவருக்கு எழுதினோம். பதில் வரவில்லை, பங்குத்தந்தை மட்டும் வேறு பணிக்கு அனுப்பப்பட்டார். ஆயர் இல்லத்தில் கேட்டபோது, அவர் சபைக் குரு என்பதால் சபைதான் விசாரிக்க வேண்டும் என்றார்கள். சபையில் கேட்டபோது, பங்கு ஆயரின் மறைமாவட்டத்துக்கு உரியது என்றார்கள்.

இப்போது அவர் அந்தச் சபையையே விட்டு வேறொரு சபையில் சேர்ந்து, அங்கே இளையோருக்குத் தியானங்கள் நடத்துகிறார் என அறிகிறோம். எங்கள் பங்கும் மற்றொரு சபையிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. புதிதாக வந்துள்ள குருக்கள் நல்லவர்களாகவே தெரிகிறார்கள்; ஆனால் பழையதைக் கிளற வேண்டாம் என்பதே அவர்களுடைய அறிவுரை. குருக்களும் மனிதர்கள், தவறுவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் எழுதிய கடிதத்தை யார் படித்தார், என்ன முடிவெடுத்தார் என்பதைக் கூட அறிய எங்களுக்கு உரிமை இல்லையா? ஒரு குரு இவ்வளவு எளிதாகச் சபை மாற முடியுமா?

மறுமொழி 1 – திருச்சபைச் சட்டம் பயின்றவர்

ஐயா, இறுதிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எளிதாக மாற முடியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 684-ஆம் எண்ணின்படி, நிரந்தர வார்த்தைப்பாடு (வாழ்நாள் துறவற உறுதிமொழி) கொடுத்த துறவி ஒருவர் வேறு சபைக்குச் செல்ல இரு சபைகளின் உலகத் தலைவர்களும் தத்தம் ஆலோசனைக் குழுவின் இசைவோடு அனுமதி தர வேண்டும். அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டுகள் புதிய சபையில் தகுதிகாண் காலம் உண்டு. அது முடிந்து அங்கே வார்த்தைப்பாடு கொடுக்காவிட்டால், அல்லது அச்சபை ஏற்காவிட்டால், அவர் பழைய சபைக்கே திரும்ப வேண்டும். இல்லையேல் துறவறத்திலிருந்து விலக அனுமதி பெற வேண்டும். ஆகவே அவர் அண்மையில்தான் சென்றார் என்றால், பழைய சபை அவரைக் கைகழுவிவிட்டதாகச் சொல்ல முடியாது.

அடுத்து, ஆயர் இல்லம் சொன்ன விடை. அருள்பணியைப் பொறுத்தவரை துறவியரும் ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களே என்கிறது 678-ஆம் எண். சபைக் குருவைப் பங்குத்தந்தையாக நியமிப்பவரும் ஆயர்தான். 682-ஆம் எண்ணின்படி அவரை அப்பொறுப்பிலிருந்து ஆயரும் நீக்கலாம், சபைத் தலைவரும் நீக்கலாம், ஒருவர் மற்றவருக்கு அறிவித்தால் போதும், இசைவு தேவையில்லை. இருவர் கையிலும் அதிகாரம் இருக்க, இருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டியதுதான் உங்கள் பங்கில் நடந்திருக்கிறது.

பாலியல் முறைகேடு பற்றிய புகாருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற ஆணையில் நேரடியான விடை இருக்கிறது. புகாரைப் பெறும் அதிகாரி, நிகழ்வு நடந்த இடத்தின் ஆயருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொந்தத் தலைவருக்கும் அதைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். இருவரும் வேறு விதமாக உடன்பட்டாலன்றி, நடவடிக்கை எடுக்க வேண்டியவர் நிகழ்வு நடந்த இடத்தின் ஆயரே. புகார் கொடுத்தவரை வாய்மூடி இருக்கும்படி கட்டளையிடவும் கூடாது. புதிய குருக்களிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் வயதுவந்த பெண்கள் என்பதாலும் புகார் தள்ளிப்போகாது: 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தில், தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திப் பாலியல் குற்றம் புரியும் குருவும் தண்டனைக்குரியவர். நாட்டுச் சட்டப்படி குற்றமாகும் எதையும் காவல்துறையிடம் கொண்டுசெல்ல யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

மறுமொழி 2 – துறவற சபையொன்றின் அருட்சகோதரி

மேலே சொல்லப்பட்ட சட்டங்கள் சரியானவையே. ஆனால் சபை மாறுபவர் எல்லாரையும் சந்தேகிக்கும் மனநிலை பரவுவது எனக்குக் கவலை தருகிறது. கல்விப் பணியிலோ மருத்துவப் பணியிலோ பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, தனிமையும் செபமுமே தம் அழைப்பு என உணர்ந்து ஆழ்நிலைத் தியான மடங்களுக்குச் செல்பவர்கள் உண்டு. பங்குகள் கைமாறுவதற்கும் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையே காரணம். 1965-இல் சுமார் 36,000 பேரைக் கொண்டிருந்த இயேசு சபையில் இன்று 15,000-க்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள் என்றால், சிறிய சபைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இருப்பினும், உள்ளிருந்து பார்க்கும் ஒருத்தியாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவரை அனுப்பும் சபைக்கு ஒரு தொல்லை தீர்கிறது, ஏற்கும் சபைக்கு ஓர் ஆள் கிடைக்கிறது. அந்த நேரத்தில் கசப்பான செய்தியைப் பேச இரு பக்கமும் விருப்பம் இருப்பதில்லை. 684-ஆம் எண் கேட்கும் இரண்டு அனுமதிகளும் இரண்டு கையெழுத்துகளாகச் சுருங்கிவிடலாம். எனவே உங்கள் கடிதத்தின் படியைப் புதிய சபையின் உலகத் தலைவருக்கும் நீங்களே அனுப்பிவிடுங்கள். தெரியாது என்று சொல்லும் வாய்ப்பு யாருக்கும் இருக்கக் கூடாது.

மறுமொழி 3 – பொதுநிலையினர் ஒருவர்

சட்டம் இருக்கிறது என்ற செய்தி எனக்கு ஆறுதல் தரவில்லை, மன்னிக்கவும். கிறிஸ்துவின் படை என்ற சபையை நிறுவிய மார்சியல் மாசியேல் மீது முன்னாள் உறுப்பினர்கள் 1998-இலேயே வத்திக்கானில் முறைப்படி புகார் அளித்தார்கள். அவரைப் பொதுப் பணியிலிருந்து விலக்கி, செபத்திலும் தவத்திலும் வாழச் சொல்ல 2006 ஆயிற்று. இன்னும் அண்மையில், மொசைக் கலைஞரான மார்கோ ரூப்னிக்கை, அவர் மீது பல பெண்கள் குற்றஞ்சாட்டியிருந்த நிலையில், கீழ்ப்படிய மறுத்தார் என்ற காரணத்துக்காக 2023 ஜூனில் இயேசு சபை விலக்கியது. அதே ஆண்டிலேயே ஸ்லோவேனியாவின் கோபெர் மறைமாவட்டம் அவரைத் தன் குருவாக ஏற்றது. அவர் மீது எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை என்பது அது கூறிய விளக்கம். அச்செய்தி வெளிவந்து உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த அதே அக்டோபரில்தான், திருத்தந்தை குற்றத்தை விசாரிப்பதற்கான காலவரம்பை நீக்கி வழக்கு நடக்க வழிசெய்தார் என்ற அறிவிப்பு வந்தது. சபைக்கும் மறைமாவட்டத்துக்கும் இடையிலான வாசல் எவ்வளவு அகலமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சகோதரி சொல்வதுபோல் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடு மாறலாம். அப்படியானால் அந்த நல்லவர்களின் பெயரைக் காக்கவாவது, புகார் நிலுவையில் உள்ளவர் விசாரணை முடியும்வரை இடம் மாறக் கூடாது என்று வெளிப்படையாக அறிவிக்க என்ன தடை?

மறுமொழி 4 – வினா எழுப்பியவர்

அனைவருக்கும் நன்றி. சகோதரி சொன்னபடி புதிய சபையின் தலைவருக்கும், ஆணையைச் சுட்டிக்காட்டி ஆயருக்கும் எழுத இருக்கிறோம். பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்களைக் கடிதத்தில் சேர்க்க வேண்டுமா? காணிக்கை விவகாரத்தையும் அதிலேயே எழுதலாமா?

மறுமொழி 5 – திருச்சபைச் சட்டம் பயின்றவர்

பெயர்களை அந்தப் பெண்களின் ஒப்புதல் இல்லாமல் எழுத வேண்டாம். இடம், காலம், நடந்தது என்ன என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, நேரில் பேச அவர்கள் விரும்பினால் யாரைத் தொடர்புகொள்வது என்று கேளுங்கள். முறைகேடு ஒப்புரவு அருளடையாளத்தின்போது (பாவசங்கீர்த்தனத்தின்போது) நடந்திருந்தால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். அது வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுத் துறைக்கென ஒதுக்கப்பட்ட குற்றம்.

காணிக்கையைத் தனிக் கடிதமாக எழுதுவதே நல்லது, ஏனெனில் இரண்டையும் கலந்தால் பணத்தைப் பற்றி மட்டும் பதில் சொல்லி மற்றதை விட்டுவிடுவார்கள். ஒரு நோக்கத்துக்கெனக் கொடுத்த காணிக்கையை அதற்கே செலவிட வேண்டும் என்கிறது 1267-ஆம் எண். இறைமக்கள் கொடுத்தவற்றுக்கு அவர்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் எண். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருப்பது கட்டாயம். அந்தக் காலத்து நிதிக்குழுவின் கூட்டக் குறிப்புகளை முதலில் கேளுங்கள். குழுவே இருக்கவில்லை என்று தெரிந்தால், அதையும் ஆயருக்கான கடிதத்தில் எழுதுங்கள்.