ஆகஸ்டில் இகாரியா போகலாமா, இல்லை பேசாமல் நக்சோஸ் போய்விடலாமா?

உப்புக்காற்று:
பாரிஸிலிருந்து நாங்கள் நாலு பேர், பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு (12, 9 வயது). ஆகஸ்ட் நடுவில் கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போகிறோம். வீட்டில் எல்லாரும் சாந்தோரினி சாந்தோரினி என்று பாட்டுப் பாடுகிறார்கள். எனக்கு அந்த வெள்ளைச் சுவர், நீல மாடம், சூரியன் மறையும்போது ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பது, இதெல்லாம் வேண்டாம். இகாரியா போய் ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு லங்காதா கிராமத்தில் நடக்கும் பனியிரி என்ற ஊர்த் திருவிழாவைப் பார்க்க ஆசை. விடிய விடிய ஊரே ஆடுமாமே. கடலும் வேண்டும், நல்ல சாப்பாடும் வேண்டும். போனவர்கள் சொல்லுங்கள்.

நெடுந்தூரன்:
சாந்தோரினி வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் கோடை மாதங்களில் தலைக்கு 20 யூரோ வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள், 2025 ஜூலையிலிருந்து. அப்படி வாங்கித் தடுக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம். ஆனால் அதற்கு மாற்று இகாரியா இல்லை, நக்சோஸ். பிள்ளைகளோடு போகிறவருக்கு மணல் வேண்டாமா? அயோஸ் ப்ரோகோப்பியோஸ், அதை அடுத்து அயா அன்னா, அதற்கும் தெற்கே பிளாக்கா என்று ஒரே நீளத்துக்கு மணல், ஆழமும் சட்டென்று இறங்காது. ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய ஃபெரியில் சுமார் 5 மணி நேரம். சைக்ளாடிஸ் தீவுகளிலேயே விவசாயம் அதிகம் உள்ள தீவு அதுதான். உருளைக்கிழங்குக்குப் பேர் போனது, கிராவியேரா சீஸ் அங்கேயே செய்கிறார்கள். மலைமேல் அபிராந்தோஸ் என்று ஒரு ஊர், தெருவுக்குக்கூட பளிங்குக்கல்தான். பாரம்பரியம் வேண்டுமென்றால் அங்கேயும் திருவிழா இருக்கிறது. இகாரியா போய் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பிரேயஸ்_படித்துறை:
ஏதென்ஸில் வேலை பார்க்கிறேன், இகாரியா எனக்குப் பழக்கமான இடம். நெடுந்தூரன் அண்ணன் நக்சோஸ் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேள்வி பனியிரி பற்றி. நக்சோஸில் திருவிழா நடக்கும், இகாரியாவில் ஊரே பனியிரியை வைத்துத்தான் பிழைக்கிறது, அதுதான் வித்தியாசம். ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு, அவர்களே ஆட்டுக்கறி வேகவைத்து, அவர்களே பரிமாறி, ஒயின் விற்று, அதில் வருகிற லாபத்தில் ரோடு போடுவது, கோயிலைப் பழுதுபார்ப்பது, தண்ணீர்க் குழாய் சரிசெய்வது என்று செலவழிக்கிறார்கள். நம் ஊரில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பார்களே, அங்கே அதற்குப் பதில் கறியும் ஒயினும். நுழைவுக் கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. கறி கிலோக் கணக்கு, ஒயின் பாட்டில் கணக்கு, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு நீள மேசையில் யாரோ தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அதனால் வெளியாள் வந்தால் அவர்களுக்கு நல்லதுதான், காசு ஊருக்கே போகிறது.

லங்காதா மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். ஆகஸ்ட் 6 கிறிஸ்தோஸ் ராஹெஸ் என்ற கிராமத்தில் நடக்கும். ஜூலை 17க்கும் கொண்டாட்டம் உண்டு, அது சாமி சம்பந்தப்பட்டதில்லை. 1912இல் துருக்கியரைத் துரத்திவிட்டு, கிரீஸோடு சேரும் வரை சில மாதங்கள் தனி நாடாகவே இருந்தார்கள், தனிக் கொடி, தனி அஞ்சல்தலை எல்லாம். அந்த நாளின் நினைவுக்கு.

வெயில்_விரோதி:
படிக்க அழகாய்த்தான் இருக்கிறது, நேரில் அப்படி இல்லை. ஆகஸ்ட் 15 லங்காதாவில் ஊர்க்காரர்களைவிட ஏதென்ஸிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு மலைச்சரிவில் ஆயிரக்கணக்கில் ஜனம், வண்டி நிறுத்த இடமில்லாமல் கிலோமீட்டர் கணக்கில் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு இருட்டில் நடக்க வேண்டும், கறி வாங்க நிற்கிற வரிசையில் ஒரு மணி நேரம் போகும், நள்ளிரவு தாண்டித்தான் ஆட்டமே சூடு பிடிக்கும். 9 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் செய்யப் போகிறாரா? கூட்டத்துக்குப் பயந்து சாந்தோரினியை விட்டவர் இங்கே வந்து அதே கூட்டத்தில் ராத்திரியில் நிற்பதில் என்ன அர்த்தம்?

இன்னொன்று. இந்தத் தீவுக்கு இவ்வளவு பேர் கிளம்புவதே "மனிதர்கள் சாக மறந்த தீவு" என்று எழுதி எழுதி ஏற்றிவிட்டதால்தான். நீல மண்டலம் (நீண்ட ஆயுளுக்குப் பேர் போன இடங்களுக்கு வைத்த பெயர்), நூறு வயது, மூலிகை டீ. நூறு வயதுக் கணக்குகளில் பல பதிவேட்டுக் குளறுபடியும் ஓய்வூதிய மோசடியும்தான் என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் வாதாடி, அதற்காக 2024இல் இக் நோபல் பரிசே வாங்கினார் (சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் கொடுப்பது).

பிரேயஸ்_படித்துறை:
நியூமனை மறுத்து அந்தப் பக்கத்து ஆட்களும் பதில் எழுதியிருக்கிறார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அது எப்படிப் போனாலும் போகட்டும், எண்பது வயதுக்காரர் விடியற்காலை மூன்று மணிக்கு இகாரியோத்திகோஸ் ஆடுகிறதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பிறப்புச் சான்றிதழை நான் கேட்கவில்லை. வயலின் மெதுவாகத் தொடங்கும், தோள்மேல் கைபோட்டு வளையமாக நிற்பார்கள், போகப் போக வேகம் ஏறும், வளையத்துக்குள் வளையமாகச் சுருண்டுகொண்டே போகும். தெரியாதவர் உள்ளே வந்தாலும் யாரும் தள்ளிவிட மாட்டார்கள். போனை நீட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவர்களைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது.

கூட்டம் பற்றிச் சொன்னது லங்காதாவுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. அன்றைக்கே வேறு சின்ன கிராமங்களிலும் பனியிரி உண்டு. பிள்ளைகள் உள்ளவர்கள் எட்டு மணிக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு முதல் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வரலாம். அங்கத்துப் பிள்ளைகள் மேசைக்கடியில் சட்டையை மடித்து வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு வழிதான்.

நெடுந்தூரன்:
இகாரியாவின் கடலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதையும்தான் கேட்டார். இகாரியா கடற்கரைக்காகப் போகிற தீவே இல்லை. செஷெல்ஸ் என்று பெயர் வைத்து இணையமெல்லாம் படம் போடுகிறார்களே, மங்கனித்திஸ் ஊர் அருகே, அது பக்கத்தில் சுரங்கப்பாதை வெட்டியபோது கடலில் கொட்டிய பாறையால் உருவானது. தண்ணீர் நிறம் அற்புதம்தான், ஆனால் பெரிய பெரிய பாறைகள் வழியாகத் தவழ்ந்து இறங்க வேண்டும், குடை இல்லை, நிழல் இல்லை, மணலும் இல்லை, கூழாங்கல். வடக்கே மெசக்தி நல்ல மணல், ஆனால் மெல்தெமி காற்று அடிக்கும் நாளில் அலை பெரிதாக வரும், உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. மெல்தெமி அடிப்பதே ஜூலை, ஆகஸ்டில்தான். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இது விளையாட்டு இல்லை.

கொழுக்கட்டை:
நாஸை விட்டுவிட்டீர்களே. ஓடை கடலில் கலக்கிற சின்னக் குடா, ஆர்ட்டெமிஸ் கோயில் அடித்தளம் அங்கேயே கிடக்கிறது. சாயங்காலம் மேலே உணவகத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், இறங்கவே வேண்டாம். பிள்ளைகள் குளிக்க மெசக்தி பக்கத்திலேயே லிவாதி இருக்கிறது, காற்று இல்லாத நாளில் அங்கே போகலாம். அது சரி, நான் வந்தது சாப்பாட்டுக்கு. எங்கள் வீட்டில் பாதிப்பேர் சைவம், ஆட்டுக்கறித் தீவுக்குப் போனால் பட்டினிதான் என்று பயந்துகொண்டே போனோம். நடந்தது நேர்மாறு. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதா நோன்பு. விரதம் இருக்கிறவர்கள் கறி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் நிஸ்தீசிமோ என்று கேட்டால் பாலும் முட்டையும் சேராத சமையல் கிடைக்கும் (கணவாய், ஆக்டபஸ் அதில் வரலாம், கேட்டுக்கொள்ளுங்கள்). சூஃபிக்கோ என்று கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், வெங்காயம், தக்காளி எல்லாம் ஆலிவ் எண்ணெயில் குழைய வேகவைத்தது, காராமணி சாலட், காட்டுக் கீரை. நோன்பு பார்க்காதவருக்கு கதூரா என்ற ஆட்டுப்பால் சீஸ். அதை அனமா தேனோடு கொடுத்தார்கள், தேன் வெண்ணெய் மாதிரி கெட்டி. நாங்கள் போன இடங்களில் நக்சோஸில்கூட இவ்வளவு காய்கறி எங்கள் தட்டுக்கு வரவில்லை.

வெயில்_விரோதி:
அந்த ஆட்டுப்பால் சீஸுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கட்டில்லாமல் திரியும் ஆடுகள் மலையை மொட்டையடித்து மண் சரிகிறது என்று அங்கேயே புகார். மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஆட்டு எண்ணிக்கையைப் பெருக்கியவர்களும் உண்டு. "இயற்கையோடு இணைந்த வாழ்க்கை" என்று நாம் இங்கே உட்கார்ந்து எழுதுவதைத் தீவுக்காரர் படித்தால் சிரிப்பார். எனக்குத் தீவோடு கோபம் இல்லை. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற இடம், இரண்டு மூன்று வாரத்தில் அத்தனை கூட்டத்தையும் அதன் தலையில் இறக்குகிறோம். செப்டம்பரில் போனால் என்ன கெட்டுவிடும்? தண்ணீர் அப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

உப்புக்காற்று:
செப்டம்பரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே வெயில்_விரோதி. பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அது சுலபமான யோசனை. கடற்கரை பற்றி அண்ணன் சொன்னது உறைக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு மணல் வேண்டுமென்றால் நார்மண்டிக்கே கூட்டிப்போவேனே. ஊர்க்காரர்களோடு ஒரு மேசையில் உட்காரத்தான் இவ்வளவு தூரம் போகிறேன். போக்குவரத்து எப்படி?

பிரேயஸ்_படித்துறை:
இதில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். இரண்டு துறைமுகம்: தெற்கே அயோஸ் கிரிகோஸ், வடக்கே எவ்திலோஸ். பல கப்பல்கள் இரண்டில் ஒன்றில்தான் நிற்கும். நடுவில் 1,000 மீட்டரைத் தாண்டும் மலைத்தொடர், வளைந்து வளைந்து ஒரு மணி நேர ஓட்டம், ராத்திரியில் டாக்ஸி கிடைப்பது அதிர்ஷ்டம். வடக்கே அர்மெனிஸ்திஸ், ராஹெஸ் பக்கம் தங்கினால் எவ்திலோஸ் கப்பலாகப் பாருங்கள். கார் வாடகைக்கு இப்போதே பதிவு செய்யுங்கள், பேருந்தை நம்ப முடியாது. ராஹெஸில் கடைகள் சாயங்காலத்துக்கு மேல்தான் உயிர் பெறும், காலையில் போய்ப் பூட்டிக் கிடக்கிறதே என்று புலம்பாதீர்கள்.

நெடுந்தூரன்:
காற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காற்று பலமாக அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானமும் இறங்காமல் திரும்பும். ஒருமுறை கப்பல் ரத்தாகி பாரிஸ் விமானத்தை விட்டவன் நான். திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஏதென்ஸில் ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள். இதையெல்லாம் பார்த்தபிறகும் நான் நக்சோஸ்தான் சொல்வேன்.

உப்புக்காற்று:
எவ்திலோஸ் கப்பல் போட்டாயிற்று, போகும் நாள் 11, திரும்ப 20, ஏதென்ஸில் ஒரு ராத்திரி. லங்காதாவா சின்ன கிராமமா என்று வீட்டில் இன்னும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஒரே சந்தேகம், கறி கிலோக் கணக்கு என்றீர்களே, நாலு பேருக்கு எவ்வளவு வாங்குவது?

பிரேயஸ்_படித்துறை:
எலும்போடு நிறுப்பார்கள். ஒரு கிலோ வாங்குங்கள், கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும். பத்தாவிட்டால் மறுபடி வரிசைதான், அதனால் ஒன்றரைக் கிலோவாகவே வாங்கிவிடுங்கள். மிஞ்சினால் பக்கத்து மேசை பார்த்துக்கொள்ளும்.