பேய்ப்பட விமர்சனமும் அதுக்கு அடியிலை நாலுவரிப் பேய்க்கவிதையும்: எங்கை பிழைக்குது?

கடைசிவரிசை எழுதியது:

வணக்கம் உறவுகளே. பேய்ப்படங்களுக்குச் சின்ன விமர்சனம் எழுதி, ஒவ்வொண்டுக்கும் அடியிலை அந்தப் படத்தின்ரை பயத்தைப் பிடிக்கிற மாதிரி ஒரு குட்டிக் கவிதையும் போட்டு, ஒரு தொடராய்க் கொண்டுபோக விருப்பம். விமர்சனம் 300 சொல்லுக்குள்ளை நிக்கோணும். ஆனால் எழுத எழுத அது கதைச்சுருக்கமாய்ப் போகுது. கவிதையோ ஒருத்தரையும் பயப்பிடுத்தாது போலை கிடக்கு. மாதிரி கீழை போட்டிருக்கு. தயவு பார்க்காமல் பிழையைச் சொல்லுங்கோ.

"புதுமணத் தம்பதி ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகின்றனர். அங்கே அமானுஷ்யமான சம்பவங்கள் நடக்கின்றன. அந்த வீட்டின் மர்மம் என்ன என்பதே மீதிக் கதை. நாயகி நன்றாக நடித்திருக்கிறார். பின்னணி இசை மிரட்டல். ஒளிப்பதிவு அருமை. இறுதியில் யாரும் எதிர்பாராத திருப்பம் காத்திருக்கிறது. மொத்தத்தில் திகில் விரும்பிகளுக்கு விருந்து."

நள்ளிரவில் பேய் வந்தது
இரத்தம் சொட்டச் சிரித்தது
என் உயிர் உறைந்தது
பேய் இருளில் மறைந்தது

கதை எவ்வளவு சொல்லலாம்? திருப்பத்தைப் பற்றி எழுதலாமா? கவிதைக்கு எங்கடை பேச்சுத்தமிழ் நல்லதோ, எழுத்துத்தமிழ் நல்லதோ? வெண்பா மாதிரி மரபு வடிவம் உதுக்குச் சரிவருமா?

மதவடி எழுதியது:

விமர்சனத்துக்கு மட்டும் சொல்லுறன், கவிதைக்கு மற்ற ஆக்கள் வருவினம்.

உங்கடை மாதிரியிலை உள்ள எட்டு வசனத்தையும் வேறை எந்தப் பேய்ப்படத்துக்குக் கீழையும் அப்பிடியே ஒட்டலாம். பிழை அதுதான். ஒரு வசனம் எழுதினால் படத்தின்ரை பேரை மறைச்சுப்போட்டு வாசிச்சுப் பாருங்கோ. எந்தப் படம் எண்டு பிடிபடாட்டில் வெட்டுங்கோ.

கதைக்கு இரண்டு வசனம் காணும். படத்தின்ரை முதல் இருபது நிமிசத்துக்கு அங்காலை நடக்கிற ஒண்டும் அதிலை வரப்படாது. 300 சொல்லிலை 50 கதைக்கு, மிச்சம் முழுக்க இந்தப் படம் எப்பிடிப் பயப்பிடுத்துது எண்டதுக்கு. அங்கைதான் விமர்சனம் இருக்கு.

பயத்திலை இரண்டு சாதி. ஒண்டு திடுக்கிட வைக்கிறது. சத்தம் எல்லாத்தையும் அடக்கி, பார்க்கிற ஆள் காதைக் கூர்மையாக்கின நேரம் பார்த்துப் படாரெண்டு அடிக்கிறது. அது உடம்பின்ரை பயம், அஞ்சு செக்கனிலை போயிடும். மற்றது, பாத்திரத்துக்குத் தெரியாத ஒண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கிறது. அது வீட்டை வந்து லைட்டை நூர்க்கிற மட்டும் கூட வரும். படம் எதை நம்பி நிக்குது, ஒரே வித்தையை எத்தினை தரம் செய்யுது எண்டு எண்ணுங்கோ. மூண்டாந்தரம் கண்ணாடிக்குள்ளை உருவம் வந்தால் ஒருத்தரும் திடுக்கிடமாட்டினம். அதை எழுதுங்கோ.

"பின்னணி இசை மிரட்டல்" எண்டதை எப்பிடித் திருத்திறது எண்டு பாருங்கோ. இப்பிடி ஒரு காட்சி எண்டு வைப்பம்:

"குசினியில் அவள் தேநீர் ஊற்றுகிறாள். கமரா அவளுக்கு முன்னால், அசையாமல். அவளின் தோளுக்குப் பின்னால் கதவு ஒரு சாண் திறக்கிறது. இசையே இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும். கதவு நின்றதும் அந்த இரைச்சலும் நிற்கிறது."

"மிரட்டல்", "அருமை" ஒண்டும் இல்லை, ஆனால் வாசிக்கிற ஆளுக்குக் கழுத்து திரும்பும். கமரா எங்கை நிக்குது, என்ன கேக்குது, எது நிண்டுபோகுது. இந்த மூண்டையும் சொன்னால் காட்சி வந்திடும்.

சத்தம் எல்லாத்தையும் இசையமைப்பாளரின்ரை கணக்கிலை எழுதாதேங்கோ. கதவு கிறீச்சிடுறது, தண்ணி சொட்டுறது எல்லாம் ஒலி வடிவமைப்பாளரின்ரை வேலை. காலடி, உடுப்பு உரசுற சத்தம் ஃபோலிக் கலைஞர் தனியாய்ப் பதிஞ்சு சேர்க்கிறது. பேய்ப்படத்திலை பாதிப் பயம் இவையின்ரை கையிலை. எழுத்தோட்டத்திலை பேரைப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கோ.

எதிலை பார்த்தது எண்டு முதல் வரியிலையே சொல்லுங்கோ. 5.1 ஒலியிலை (ஐஞ்சு முழு ஒலிவழியும் ஒரு அடித்தொனி வழியும்) அந்தக் கடைசி ".1" தனி வழி, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழை உள்ள அடித்தொனிக்கெண்டே விட்டது. அடிவயித்தைக் கலக்கிற உறுமல் கனக்க அதுக்குள்ளை வரும். கைபேசியின்ரை சின்ன ஒலிபெருக்கியாலை அதைத் தர ஏலாது. அதிலை பார்த்துப்போட்டு "பயமே இல்லை" எண்டு எழுதினால் படத்துக்கு அநியாயம். ஆகக் குறைஞ்சது நல்ல ஹெட்போனாவது போடுங்கோ. ரீவியிலை எண்டால் மோஷன் ஸ்மூதிங்கை நிப்பாட்டுங்கோ. செக்கனுக்கு 24 சட்டகத்திலை எடுத்த படத்துக்கு இடையிலை ரீவி தானாய்ச் சட்டகம் செருகினால் பேய், ரீவி நாடகத்திலை நடக்கிற ஆள் மாதிரித் தெரியும். பகலிலை யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு பார்த்து, "ஒளிப்பதிவு ஒரே இருட்டு" எண்டும் எழுதாதேங்கோ.

தியேட்டரிலை குறிப்பெடுக்கக் கைபேசி வேண்டாம். அந்த வெளிச்சம் பின்வரிசை முழுக்க அடிக்கும். சின்னக் கொப்பி, பென்சில், காட்சிக்கு ஒரு சொல், பக்கத்துக்கு ஒண்டு, பெரிய எழுத்திலை. இடைவேளைக்கு விரிச்செழுதலாம்.

திருப்பம்: "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு" எண்டு சொன்னதே திருப்பத்தைக் காட்டிக்குடுத்த மாதிரித்தான். வாசிச்ச ஆள் படத்தைப் பார்க்கமாட்டார், முடிச்சைத் தேடிக்கொண்டே இருப்பார். மீளாக்கத்தின்ரை மூலப்படத்தைச் சொல்லுறதும் அப்பிடித்தான். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) பார்த்த ஆளுக்கு 'சந்திரமுகி' (2005) எங்கை போகுது எண்டு முதலே தெரியும். அப்பிடியான தகவலைக் கடைசிப் பந்தியிலை, "படம் பார்த்தவைக்கு" எண்டு தலைப்புப் போட்டு, பத்து வெத்து வரி விட்டு எழுதுங்கோ.

பகிடியும் பேயும் கலந்த படம் எண்டால் சிரிப்பையும் பயத்தையும் தனித்தனியாய் நிறுங்கோ. சிரிப்பு, அடக்கி வைச்ச மூச்சை வெளியிலை விட்டிடும். அந்த மூச்சு திரும்பி உள்ளுக்கு வரமுதல் பேய் வந்தால் பயம் ஏறாது.

நத்து எழுதியது:

கவிதைக்கு வாறன். உங்கடை நாலு வரியிலையும் பயந்த ஆள் எழுதின ஆள் மட்டுந்தான். "பேய்", "இரத்தம்", "இருள்", "உறைந்தது" இந்த நாலு சொல்லையும் எடுத்துப்போட்டு என்ன மிஞ்சுது எண்டு பாருங்கோ. ஒண்டும் இல்லை. வந்தது, சிரித்தது, மறைந்தது எண்டு ஒரே ஓசையிலை முடியிறதாலை தாலாட்டு மாதிரியும் கேக்குது.

குட்டிப் பேய்க்கவிதைக்கு ஒரு பொருள், அதிலை ஒரு பிசகு காணும். பொருள் எங்கடை முத்தத்திலை கிடக்கிற சாமானாய் இருக்கோணும். பிசகு ஒண்டே ஒண்டு. இரண்டு வைச்சால் ஒண்டையொண்டு தின்னும். காரணம் சொல்லப்படாது.

ஆறு மாதமாய்ப் பூட்டின வீடு.
கிணத்தடியிலை இருந்து வாசல்மட்டும்
ஈரக் காலடி.
திரும்பிப் போனதுக்கு இல்லை.

காலடி பிசகில்லை. அது ஒருபக்கம் மட்டும் போனதுதான் பிசகு. அதைக் கடைசி வரியிலை வைச்சபடியால் வாசிக்கிற ஆள் திரும்ப முதல் வரிக்கு, பூட்டின வீட்டுக்குப் போவார். "உள்ளே யாரோ இருக்கிறார்கள்" எண்டு ஐஞ்சாம் வரி போட்டால் செத்துது.

எங்கடை ஊரிலை இதுக்குச் சரக்கு கொட்டிக் கிடக்கு. ஒரே சாமான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வாற இடங்களைப் பிடியுங்கோ. மார்கழி விடியப்புறம் திருவெம்பாவைக்கு ஊதுற சங்கும், அடிக்கிற சேமக்கலமும் செத்தவீட்டிலையும் கேக்கும். எந்த மாதம் எண்டது மட்டுந்தான் வித்தியாசம்:

விடியப்புறம் சங்கும் சேமக்கலமும்.
திருவெம்பாவை எண்டு
எழும்பிக் கும்பிட்டா ஆச்சி.
இது ஆடி மாதம்.

எட்டுச்செலவுக்கு, செத்த ஆளுக்குப் பிடிச்ச சாப்பாடெல்லாம் சமைச்சுப் படைக்கிறம். அதுக்குப் பிறகு வீடு வெறிச்செண்டு கிடக்கும். அந்த நேரத்தை எடுங்கோ (மூக்குப்பேணி எண்டது மூக்கு வைச்ச குடிக்கிற பேணி):

எட்டுச்செலவு முடிஞ்சு
எல்லாரும் போட்டினம்.
கவிட்டு வைச்ச மூக்குப்பேணி
இன்னும் சுடுகுது.

படத்தோடை எப்பிடிச் சேர்க்கிறது எண்டால், படத்தின்ரை கதையைக் கவிதையிலை திருப்பிச் சொல்லாதேங்கோ. பயம் எந்தச் சாமானாலை வருதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கடை வீட்டுக்குள்ளை வையுங்கோ. 'யாவரும் நலம்' (2009) படத்திலை பயம் வாறது ஒரு தொலைக்காட்சித் தொடராலை. அடுக்குமாடியையும் ஆக்களையும் விட்டிட்டு அந்தத் தொடரை மட்டும் தூக்கினால்:

மின்சாரம் நிண்ட வீடு.
தொடரின்ரை பாட்டு
நேரத்துக்குத் தொடங்குது.

மூண்டு வரியோடை நிப்பாட்டலாம். படம் பார்க்காத ஆளுக்கும் விளங்கும், பார்த்த ஆளுக்கு இன்னொரு கதவு திறக்கும்.

பேச்சுத்தமிழோ எழுத்துத்தமிழோ எண்டால், விமர்சனத்துக்கு எழுத்துத்தமிழ், கவிதைக்குப் பேச்சுத்தமிழ். "சூடாக இருக்கிறது" எண்டால் அது செய்தி. "சுடுகுது" எண்டால் ஆரோ பக்கத்திலை நிண்டு காதுக்குள்ளை சொல்லுற மாதிரி. ஒரு கவிதைக்குள்ளை "என்று", "எண்டு" இரண்டையும் கலக்காதேங்கோ. கலந்தால் குரல் உடைஞ்சுபோகும்.

ஒண்டு மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லுறன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளையும் புதைகுழியளையும் பேய்க்கவிதைக்குச் சரக்காக்காதேங்கோ. வாசிக்கிற ஆரோ ஒரு தாய் இண்டைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா.

சேமக்கலம் எழுதியது:

மரபு வடிவம் பற்றிய கேள்விக்கு: தாராளமாகச் சரிவரும். அந்தியேட்டிக் கல்வெட்டுகளை (இறந்தவருக்கான 31ஆம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவு நூல்களை) புரட்டிப் பாருங்கள். இறந்தவர் பெயர், ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நாலடியில் அடங்கிய திதி வெண்பா ஒன்று இருக்கும். சாவைச் சுருக்கமாகச் சொல்லும் வடிவம் நம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது.

நாலடி வேண்டாம், குறள் வெண்பாவில் தொடங்குங்கள். முதலடி நாலு சீர், இரண்டாமடி மூன்று சீர். (சீர் என்பது அசைகள் சேர்ந்த துண்டு. அசை இரண்டு வகை: தனி எழுத்தாய் நிற்பது நேர், குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தது நிரை; மெய்யெழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.) மாச்சீர் (ஈரசை, நேரில் முடிவது) முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளச்சீரோ (ஈரசை, நிரையில் முடிவது) காய்ச்சீரோ (மூவசை, நேரில் முடிவது) முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். கனிச்சீர் (மூவசை, நிரையில் முடிவது) வரவே கூடாது. ஈற்றுச்சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) ஆகிய நான்கில் ஒன்று.

பூட்டிய வீடு; புழங்குவார் யாருமில்லை;
கூட்டிய முற்றம் தினம்.

அலகிட்டால் (அசை பிரித்துச் சீருக்குப் பெயரிட்டால்): பூட்டிய கூவிளம், வீடு தேமா, புழங்குவார் கருவிளம், யாருமில்லை கூவிளங்காய், கூட்டிய கூவிளம், முற்றம் தேமா, தினம் மலர். எதுகை பூட்டிய, கூட்டிய. மோனை பூட்டிய, புழங்குவார்.

புதிதாக எழுதுவோர் சறுக்கும் இடம் இரண்டு. "யாரும் இல்லை" என்று பிரித்து எழுதினால் முதலடியில் ஐந்து சீராகிவிடும். "தினம்" போதாதென்று "தினமும்" என்று முடித்தால் அது புளிமா, ஈற்றில் நிற்காது. தளை (சீர்களின் இணைப்பு) சரியாகவேண்டும் என்பதற்காக "அம்மா", "அந்தோ", "பார்" என்று அசைக்கு ஆள் சேர்க்காதீர்கள். ஏழே சீர் உள்ள வீட்டில் சும்மா இருக்க ஒருவருக்கும் இடமில்லை.

நம் ஊர்ச் சொற்களும் சீராக நன்றாகவே அமரும். படலை, ஒழுங்கை, வடலி மூன்றும் புளிமா. ஒரு மாச்சீருக்குப் பின்னால் அப்படியே வைக்கலாம். வேலி தேமா, விளத்துக்கோ காய்க்கோ பின்னால் வரும். கிணற்றடி கருவிளம். இப்படி இருபது சொல்லை அலகிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடைசிவரிசை எழுதியது:

மூண்டு பேருக்கும் மிக்க நன்றி. விமர்சனத்தைத் திரும்ப எழுதுறன், அதுக்குப் பார்த்த காட்சியளை எண்ணோணும். கவிதை மட்டும் இப்ப:

படலைக் கொளுக்கி தானாய்க் கழருகிற சத்தம்.
நாய் வாலாட்டிக்கொண்டு ஓடுது.
அப்பா வேலையாலை வந்தால்
அப்பிடித்தான் ஓடும்.
அப்பாவின்ரை அந்தியேட்டி நேற்று முடிஞ்சுது.

நத்து எழுதியது:

நாய் நல்லாய் வந்திருக்கு. இதுக்குள்ளை கவிதை இருக்கு, மேலை கொஞ்சம் மண் மூடியிருக்கு. "தானாய்" எண்டதை எடுங்கோ. தானாய்க் கழருது எண்டு நீங்களே சொன்னால் நாங்கள் பயப்பிட ஒண்டும் மிஞ்சாது. "அப்பா வந்தால் அப்பிடித்தான் ஓடும்" எண்டது விளக்கம். தெரியாத ஆளுக்கு நாய் குலைக்கும், தெரிஞ்ச ஆளுக்கு வாலாட்டும், இது எல்லாருக்கும் தெரியும். அந்தியேட்டியைக் கடைசியிலை வைச்சால் விடுகதைக்கு விடை சொன்ன மாதிரி. அதை முன்னுக்குக் கொண்டுவந்தால் சாதாரணத் தகவலாய்க் கடந்துபோகும், பிறகு வாலிலை வந்து பிடிக்கும்:

அந்தியேட்டி நேற்று முடிஞ்சுது.
படலைக் கொளுக்கி கழருகிற சத்தம்.
நாய்
வாலாட்டிக்கொண்டு ஓடுது.

"நாய்" தனி வரியிலை நிக்கட்டும். அந்த இடத்திலை வாசிக்கிற ஆள் குலைக்கிற சத்தத்துக்குக் காத்திருப்பார்.