பொதுத் தோட்டத்தில் உரையும் கைவேலையும்: யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. ஒரு பொதுத் தோட்டத்தில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து, தாவரங்கள் பற்றிய உரைகளும் கூடவே கைவினைப் பட்டறைகளும் நடத்தப் போகிறோம். வெறும் பேச்சோடு விட்டால் பாதி மறந்துவிடும். கேட்டதைக் கையாலும் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் உரை இலை நரம்புகளைப் பற்றி. அது முடிந்ததும் சயனோடைப் அச்சு. 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். மெல்லிய இலை என்றால் நரம்புகள்கூடத் தெரியும், அவ்வளவு அழகு!

தடித்த இலைகளில்தான் சிக்கல். தாளோடு படியாமல் தூக்கிக்கொள்வதால் ஓரம் மங்கிவிடுகிறது. மேலே கண்ணாடி வைத்தால் சரியாகிறது, ஆனால் சின்னப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. யாராவது கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தகடு பயன்படுத்தியிருக்கிறீர்களா? இந்த அச்சு விழ வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும்; சில வகை அக்ரிலிக் அதைத் தடுத்துவிடும், அதனால்தான் கேட்கிறேன். மேகமூட்டமான நாளில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

அப்புறம், உதிர்ந்த இலைகளையும் காய்களையும் மட்டுமே எடுப்பது என்று உறுதியாக இருக்கிறோம். விதை பரவுதல் பற்றிய உரைக்குப் பொருத்தமாக, காய்ந்த விதைக்கூடுகளை வைத்துச் செய்யும் கைவேலை ஏதாவது சொல்லுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொட்டு உணர்ந்து செய்ய முடிந்தால் ரொம்ப நல்லது. பிள்ளைகளுக்குக் கவனம் சிதறாமல் இருக்க உரை எத்தனை நிமிடம் போகலாம் என்பதையும் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.