ஒளியும் அலையும்: வகுப்பில் பிள்ளைகள் உங்களைத் திணறடித்த கேள்வி எது?

எட்டாம் வகுப்பில் அலைகள் பாடம் தொடங்கியிருக்கிறேன். வரையறையை ஒத்திப்போட்டுவிட்டு, ஸ்லிங்கி ஸ்பிரிங்கைத் தரையில் நீட்டி, நடுவில் ஒரு சுருளில் ரிப்பன் கட்டினேன். ஒரு முனையைப் பக்கவாட்டில் உதறினால் குறுக்கலை மறுமுனைவரை ஓடுகிறது. ரிப்பனோ இருந்த இடத்திலேயே இடமும் வலமும் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. அடுத்து முன்னும் பின்னுமாகத் தள்ளி நெட்டலையைக் காட்டினேன். அதிலும் ரிப்பன் ஊர்வலம் போகவில்லை. பொருள் நகர்வதில்லை, ஆற்றல்தான் நகர்கிறது என்பது அங்கேயே பிடிபட்டுவிட்டது.

ஒளியும் குறுக்கலைதான் என்றதும் ஒரு பெண் எழுந்து, "வெற்றிடத்துல ஸ்பிரிங்கே இல்லையே மிஸ், அங்க எது ஆடும்?" என்றாள். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, அதற்கு ஊடகம் தேவையில்லை என்றேன். சரியான விடைதான், ஆனால் அந்த வயதுக்கு அது வெறும் இரண்டு சொற்கள். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

---

என் மகன் ஏழாம் வகுப்பு. "சூரியன்ல வெடிக்கிற சத்தம் நமக்கு ஏன்பா கேக்கல?" என்றான். நடுவில் காற்று இல்லை என்றதும் விடவில்லை, "இருந்தா?" என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போவதால் 8 நிமிடம் 20 நொடியில் வந்துவிடுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான். வழி முழுக்கக் காற்று இருந்தாலும் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும்! இப்போது மின்னல் வெட்டினால் எண்ணத் தொடங்கிவிடுகிறான். இடிக்கு முன் 3 நொடி போனால் ஒரு கிலோமீட்டர்.

---

நான் டியூஷன் எடுக்கிறேன். ஒளிவிலகல் நடத்தும்போது வந்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தண்ணீரின் விலகல் எண் 1.33, அதாவது ஒளியின் வேகம் அங்கே நொடிக்குச் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது, அலைநீளமும் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையிலான தூரம்) அதே அளவில் சுருங்குகிறது என்று எழுதிப் போட்டேன். ஒரு பையன் நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு, "சிவப்பு 650 நானோமீட்டர் சார். 1.33ஆல வகுத்தா 490 வருது. அது நீலப்பச்சை. அப்ப தண்ணிக்குள்ள சிவப்புச் சட்டை நீலப்பச்சையா தெரியணுமே?" என்றான். இந்தக் கேள்விக்காகவே அவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

விடை அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பதில் இருக்கிறது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வேகமும் அலைநீளமும் மாறும், அதிர்வெண் மாறாது. நொடிக்கு எத்தனை முகடுகள் எல்லைக்கு வருகின்றனவோ, அத்தனையும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், நடுவழியில் தொலைய இடமில்லை. நிறத்தை நிர்ணயிப்பதும் அதுதான். இன்னொன்றும் சொன்னேன்: நம் கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தின் விலகல் எண்ணும் கிட்டத்தட்ட 1.34. கரையில் நின்று பார்த்தாலும் விழித்திரையைத் தொடும்போது அந்தச் சிவப்பின் அலைநீளம் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது. நிறங்களின் அட்டவணையில் நாம் படிக்கும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான கணக்கெல்லாம் வெற்றிடத்துக்கு, காற்றுக்கும் பொருந்தும். இதைக் கேட்டதும் வகுப்பே ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

---

அருமை சார். ஒன்று சேர்க்கிறேன்: ஆழ்கடலில் சிவப்பு மங்கிப்போவதை வீடியோவில் பார்த்துவிட்டு, "நான் சொன்னது சரிதானே" என்று அந்தப் பையன் திரும்ப வரலாம். அது வேறு விஷயம். தண்ணீர் சிவப்பை அதிகம் உட்கவர்வதால் கீழே போகப்போக அந்த ஒளியே மிஞ்சுவதில்லை.

---

முதலில் கேட்ட மிஸ்ஸுக்கு: கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காட்டிப் பாருங்கள், ஒளி என்பது நிறம் மட்டுமில்லை என்று புரிய அது உதவும். டிவி ரிமோட்டின் முனையை மொபைல் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்தினால், திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். அது அகச்சிவப்பு, பெரும்பாலும் 940 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். சில போன்களின் பின்கேமராவில் வடிகட்டி இருப்பதால் தெரியாது. முன்கேமராவில் பாருங்கள்.