லேசிக் (கண் பவருக்கு லேசர் ஆபரேஷன்) வேணாம்னுட்டாங்க, ஐசிஎல் (கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்) வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நான் கோத்தகிரி, ரெண்டு கண்ணும் மைனஸ் 8, மிஸ்ட்ல ஸ்கூட்டி ஓட்டுனா கண்ணாடி பூரா மங்கிடுது, டீ கிளாஸ தூக்குனாலும் அதே கதைதான். சரி லேசிக் பண்ணிடலாம்னு கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தா கார்னியா (கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்குற படலம்) தடிமன் 470 மைக்ரான்தான் இருக்காம், அத லேசர்ல இன்னும் செதுக்குனா பலம் போயி முன்னாடி புடைச்சுக்கலாம், ஸ்மைல்ங்கிற இன்னொரு லேசர் முறையிலயும் திசுவ எடுக்கத்தான் செய்வாங்க, அதனால ஐசிஎல் வைங்கன்னுட்டாங்க. ஐரிஸுக்கு (கண்ணுல கலரா இருக்குற வட்டம்) பின்னாடி ஒரு குட்டி லென்ஸ், தேவைப்பட்டா எடுத்துக்கலாமாம். அம்மா வேற கண்ணுக்குள்ளயே கத்தியான்னு ஒரே பொலம்பல். எனக்கு பயம் என்னன்னா ராத்திரி லைட்ட சுத்தி வளையம் தெரியும்ங்கிறாங்களே, மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல எதுத்தாப்ல வண்டி வந்தா சமாளிக்க முடியுதா? வச்சவங்க எத்தன நாள்ல வண்டி எடுத்தீங்க, கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.